அப்பா போட்ட கையெழுத்து

அன்புள்ள அக்காவுக்கு,

தென்மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் பெயரும் கல்லூரிப் பெயரும் வேண்டாம். எங்கள் துறையில் சுவர்ப் பத்திரிகை உண்டு. சார்ட் பேப்பரில் கையால் எழுதி நோட்டீஸ் போர்டு பக்கத்தில் ஒட்டுவோம். போன மாதம் அதில் விடுதி நேரம் பற்றி எழுதினேன். பையன்கள் விடுதிக்கு இரவு ஒன்பது மணி, எங்களுக்கு மாலை ஆறரை. ஐந்து நிமிடம் பிந்தினால் நூறு ரூபாய் அபராதம், அதற்கு ரசீது கிடையாது. அவ்வளவுதான் எழுதியிருந்தேன், யார் பெயரும் அதில் இல்லை. மறுநாள் காலையில் கிழித்துவிட்டார்கள். பத்திரிகையில் எழுதிய நாலு பேரின் ஐடி கார்டையும் வாங்கிக்கொண்டு பெற்றோரோடு வரச் சொன்னார்கள். அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தார். ஆபீசில் ஒருவர் சொல்லச் சொல்ல நான் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். கீழே அப்பாவும் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், எதுவும் கேட்கவில்லை.

"இது மைனாரிட்டி காலேஜ், இங்கே எங்கள் சட்டம்தான்" என்றார் ஒரு பேராசிரியர். "மிஷன் காலேஜ்னாலே இப்படித்தான்" என்கிறாள் என் தோழி. நான் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவள், அவள் அப்படிச் சொல்வது வலிக்கிறது. கிறிஸ்தவக் கல்லூரி என்றால் இப்படித்தான் இருக்குமா? நான் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தது தப்பா?

ஒரு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பில்லை. ஐடி கார்டு அவர்கள் கையில், தேர்வு பக்கத்தில், எதிரே துவைத்த சட்டையோடு நின்றுகொண்டிருக்கும் அப்பா. அந்த அறையில் இருபது வயதுப் பெண் வேறென்ன செய்ய முடியும்? அதைக் கோழைத்தனம் என்று நீங்களே உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். தப்பு அந்தக் கடிதத்தைச் சொல்லி எழுத வைத்தவர்களுடையது. எனக்கு உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உறுத்துகிறது. சுவர்ப் பத்திரிகையைக் கிழித்ததைக்கூட அவசரத்தில் யாரோ செய்தது என்று விட்டுவிடலாம். ஆனால் ஒருவர் நிதானமாக உட்கார்ந்து வாசகம் சொல்லி, நடக்காத குற்றத்தை நடந்ததாக ஒரு பெண்ணின் கையால் எழுத வைத்து, கீழே தகப்பனிடமும் கையெழுத்து வாங்கி, அதைக் கோப்பில் போட்டிருக்கிறார்.

நானும் சபைக்காரிதான். அதனால் உரிமையோடு சொல்கிறேன். மன்னிப்பு என்ற சொல்லை நம்மைப்போல் யாரும் அடிக்கடி உச்சரிப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பாவ அறிக்கை செய்கிறோம். மனந்திரும்புதல் உள்ளிருந்து வரவேண்டும், யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து எழுத வைக்க முடியாது என்று ஓய்வுநாள் பாடசாலையிலேயே படித்தவர்கள் நாம். செய்யாததைச் செய்தேன் என்று எழுத வைப்பதற்குப் பத்துக் கட்டளையில் பெயரே இருக்கிறது, பொய்ச்சாட்சி. கல்லூரிச் சேப்பலில் காலை ஜெபம் முடித்துவிட்டு வந்து ஆபீசில் இதைச் செய்தவர்களுக்கு அது தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, "எங்கள் சட்டம்தான்" என்ற பேச்சுக்கு வருவோம். அரசியல் சாசனத்தின் 30ஆவது பிரிவு, மதச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நிர்வகிக்கலாம் என்கிறது. அருமையான உரிமை அது, அதில் ஒரு எழுத்துக்கூடக் குறையக் கூடாது என்று நினைப்பவள் நான். ஆனால் அது அரசாங்கத்திடமிருந்து ஒரு சமூகத்தைக் காப்பதற்குக் கொடுத்த கேடயம். அதைத் திருப்பிப் பிடித்து சொந்தப் பிள்ளைகளை அடிப்பதற்குக் கொடுத்ததல்ல. கேரளக் கல்வி மசோதா பற்றிக் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது, 1958இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நிர்வகிக்கும் உரிமையில் நிர்வாகத்தைச் சீரழிக்கும் உரிமை அடங்காது என்று. அதே சாசனத்தில் 28ஆவது பிரிவு இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் படிக்கும் யாரையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் வழிபாட்டிலோ மதபோதனையிலோ பங்கெடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம், அதற்கு மேல் என்றால் அவரவர் சம்மதம். உங்கள் தோழிக்கும் இதைச் சொல்லுங்கள். அவளைச் சேப்பலுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த எந்தக் கல்லூரிக்கும் அதிகாரம் இல்லை.

"மிஷன் காலேஜ்னாலே இப்படித்தான்" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குப் போனது 1937இல், அதற்கு முன்பு நகரத்துக்குள் பாரிமுனைப் பக்கம் இருந்தது. அங்கே வேலூரிலிருந்து ஒரு மாணவர் வந்து தத்துவம் படித்தார். மிஷனரிகள் இந்து மதத்தை விமர்சிப்பதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு மனசு புண்பட்டது. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் எம்.ஏ.வுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பே அதற்குப் பதில், வேதாந்தத்தின் அறநெறி. 1908, அவருக்கு இருபது வயதுதான் இருக்கும். மிஷனரிகள் நடத்தும் கல்லூரியில், மிஷனரிப் பேராசிரியர் கையிலேயே கொடுக்கவேண்டிய ஆய்வேடு! கோபித்துக்கொள்வாரோ என்று பயந்திருக்கிறார். அந்தப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக், ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்தவர், நல்ல இறையியலாளர். அவர் அதைப் படித்துவிட்டு, தத்துவச் சிக்கல்களை இந்த மாணவர் குறிப்பிடத்தக்க அளவில் புரிந்துகொண்டிருக்கிறார் என்று பாராட்டிச் சான்று எழுதிக் கொடுத்தார். அந்த மாணவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. தன் விசுவாசத்தையே எதிர்த்து எழுதியவனுக்குச் சான்றிதழ் கொடுத்த மரபு நம்முடையது. அந்த மரபில் வந்தவர்கள் ஆறரை மணியை எதிர்த்து எழுதியதற்கு ஐடி கார்டைப் பிடுங்குகிறார்கள்.

என் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். எண்பதுகளில் நான் தங்கியிருந்ததும் கிறிஸ்தவக் கல்லூரி விடுதிதான். அங்கே மெஸ்ஸை நடத்தியது மாணவிகள். மாதம் இரண்டு பேர் மெஸ் செக்ரட்டரி. காலை ஐந்தரைக்குப் பின்பக்கக் கேட்டில் காய்கறி வண்டி வந்து நிற்கும். தலைகூட வாராமல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போய்த் தராசுப் பக்கத்தில் நிற்கவேண்டும். கத்திரிக்காய் ஐந்து கிலோ, சொத்தை தனி. வண்டிக்காரர் முருங்கைக்காயை எண்ணிப் போடும்போது கட்டுக்கு ஒன்று குறைப்பார், அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. மாதக் கடைசி ஞாயிறு ராத்திரி, சாப்பாடு முடிந்ததும் அதே ஹாலில் கணக்கு வாசிப்போம். முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "அக்கா, உளுந்து போன மாசத்தைவிட ரெண்டு கிலோ கூட வந்திருக்கே, இட்லி அதே எண்ணிக்கைதானே?" என்று கேட்டாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வார்டன் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பதில் நான்தான் சொல்லவேண்டும். ரசீதை எடுத்துவந்து காட்டினேன். மளிகைக்கடையில் போட்ட கணக்குத் தப்பு, மறுநாள் போய்ப் பணத்தைத் திரும்ப வாங்கிவந்தேன்.

அதே விடுதியிலும் அவுட்பாஸ் இருந்தது, ரெஜிஸ்டர் இருந்தது, ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் பிரித்துப் பார்த்த வார்டனும் ஒரு வருடம் இருந்தார். பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கணக்குக் கேட்ட பெண்ணுக்கு யாரும் அபராதம் போடவில்லை. நீங்களும் கேட்டது கணக்குத்தான். நூறு ரூபாய்க்கு ரசீது எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள்.

எப்படி இப்படி ஆனது என்று நானும் யோசிக்கிறேன். சுயநிதிப் பாடப்பிரிவுகள் வந்த பிறகு கல்லூரிக்கு யார் வாடிக்கையாளர் என்பது மாறிவிட்டது. பணம் கட்டுவது பெற்றோர். அட்மிஷனுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே "காலேஜ் ஸ்ட்ரிக்ட்டா?" என்றுதான். நம் வீட்டுப் பெரியவர்களே அதைக் கேட்கிறார்கள், கேமரா எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். அப்புறம், கல்லூரியை நடத்தும் திருச்சபை நிர்வாகத்துக்கு நடக்கும் திருமண்டலத் தேர்தல். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் தாளாளர் மாறுவார், செயலர் மாறுவார். எந்த நாற்காலி எத்தனை நாள் என்று தெரியாத ஒருவருக்குச் சுவரில் ஒட்டிய சார்ட் பேப்பர்கூட எதிரணி செய்த வேலையாகத்தான் தெரியும். மேலே பயம் இருந்தால் அது கீழே வரும்போது கண்டிப்பு என்ற உருவம் எடுத்துவிடுகிறது. கல்லூரி முதல்வர்களுக்கும் நியாயமான கவலைகள் உண்டு, ஒரு பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் அவர்கள் சட்டையைத்தான் பிடிப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவலை பெண்களை மட்டும் ஆறரைக்குப் பூட்டுவதாகத்தான் முடியவேண்டுமா?

இதற்கு விதியே இருக்கிறது. உயர்கல்வி நிலையங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில், பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிக்கு மட்டும் ஆண்கள் விடுதியைவிட வேறுபட்ட, பாரபட்சமான கட்டுப்பாடு போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சார்ட் பேப்பரில் எழுதியதும் அதேதான்.

உங்களுக்கு நடந்தது பெரிய பெயருள்ள இடத்திலும் நடந்தது. 2015இல் தில்லி செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் மாணவர்கள் சிலர் இணையத்தில் வார இதழ் தொடங்கினார்கள். முதல்வரின் பேட்டியை, அவர் இறுதியாகப் பார்த்து ஒப்புதல் தருவதற்கு முன்பு வெளியிட்டுவிட்டார்கள் என்பது புகார். இதழை நிறுத்தச் சொன்னார்கள், நடத்திய மாணவர் ஒருவரை இடைநீக்கம் செய்தார்கள். அவர் நீதிமன்றம் போனார், ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த இடைநீக்கத்தை நிறுத்திவைத்தது. எல்லாத் தீர்ப்பும் மாணவர் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வளாகத்துக்குள் கட்சி அரசியலைத் தடுக்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு என்று 2003இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் மாணவர் தேர்தல் பற்றி லிங்டோ குழு கொடுத்த பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் செய்தது ஒட்டலாம் என்ற விதியும் அதில் வந்தது. சார்ட் பேப்பரில் கையால் எழுதி, ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டுவதை தேர்தல் நேரத்திலேயே தவறாகப் பார்க்கவில்லை.

இனி என்ன செய்வது? தனியாகப் போய் முட்டாதீர்கள். நாலு பேர் இருக்கிறீர்கள், நாலு பேரும் சேர்ந்தே செய்யுங்கள். கல்லூரிகளில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கவேண்டும் என்று மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தக் குழுவில் மாணவர் பிரதிநிதியும் சிறப்பு அழைப்பாளராக உட்காரவேண்டும், பதினைந்து வேலை நாளுக்குள் அறிக்கை தரவேண்டும். திருப்தி இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் நியமித்திருக்கும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இரண்டே விஷயம் எழுதுங்கள். ரசீது இல்லாத அபராதம் ஒன்று, விடுதி நேரத்தில் உள்ள வித்தியாசம் இன்னொன்று. மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி இப்போது எழுதவேண்டாம், தேர்வு முடியட்டும். கோபம் வேண்டாம், அடைமொழி வேண்டாம், தேதியும் தொகையும் போதும். கொடுக்கும் மனுவின் நகலில் ஆபீஸ் சீல் வாங்கிக்கொள்ளுங்கள், சீல் போட மறுத்தால் பதிவுத்தபாலில் அனுப்பிவிடுங்கள். உங்கள் துறையிலேயே உங்கள் பக்கம் நினைக்கிற ஆசிரியர் ஒருவராவது இருப்பார். வெளிப்படையாகப் பேச அவரால் முடியாமல் இருக்கலாம், மனுவை ஒருமுறை திருத்தித் தரச் சொல்லுங்கள். அது போதும்.

அப்புறம், பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்த உங்கள் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மகள் என்ன எழுதினாள் என்று அவருக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள், கிழித்த காகிதத்தை யார் வைத்திருப்பார்கள். எதுவென்று தெரியாமலேயே அதற்காக வருந்துவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கட்டுரை உங்கள் நோட்டில் இருக்கும்தானே? இந்த வாரம் ஊருக்குப் போனால் அவரை உட்காரவைத்து முழுதாக வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா