டிரம்மில் தண்ணீர் நிற்கிறதா? போர்டை மாற்றுமுன் ஒரு சின்ன மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின் வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. தண்ணீர் வெளியேறாமல் எரர் காட்டி நின்றுவிட்டது. கதவும் திறக்கவில்லை, துணி உள்ளேயே ஊறுகிறது. நெட்டில் கிடைத்த எண்ணில் கூப்பிட்டேன். வந்தவர் “பிசிபி போர்டு போயிடுச்சு, 8,500 ரூபாய் ஆகும்” என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.

எல்ஜியில் ஓஇ, சாம்சங்கில் 5சி, பாஷில் இ18 என எந்த எழுத்து வந்தாலும் புகார் ஒன்றுதான்: தண்ணீர் போகவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே மெஷினின் மூளையான அந்தப் போர்டுதான். ஒழுங்காக வேலை பார்த்த பாகத்தையே கழற்றச் சொல்கிறார் உங்கள் ஆள். கதவு திறக்காததும் பழுதல்ல. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பூட்டு விடாது.

பிளக்கைப் பிடுங்குங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். மெஷினின் முன்பக்கம், கீழ் மூலையில் சின்ன மூடி இருக்கும். பலர் அதை ஒருநாளும் திறந்திருக்க மாட்டார்கள். அதற்குள் விரல் தடிமனில் ஒரு குட்டிக் குழாய் இருந்தால், அதன் அடைப்பானை எடுத்துத் தட்டையான பாத்திரத்தில் தண்ணீரைப் பிடியுங்கள். பக்கெட் கணக்கில் வரும், பொறுமை வேண்டும். நின்றபிறகு பக்கத்திலுள்ள ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். சில்லறை, ஹேர்பின், உள்ளாடைக் கம்பி, கறுத்த நூல்பந்து என்று ஏதாவது கிடைக்கும். பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும்.

ஃபில்டர் இருந்த துளைக்குள் டார்ச் அடித்தால், தண்ணீரை வெளியே தள்ளும் பம்பின் சின்ன விசிறி தெரியும். விரலால் சுற்றுங்கள். வழவழவென்று சுற்றாது, விட்டுவிட்டுத் தடுக்கித்தான் நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. “பாருங்க சார், பம்ப் ஜாம்” என்று இதைக் காட்டியே பம்பை மாற்றுகிறவர்கள் உண்டு. நூல், முடி சுற்றியிருந்தால் பிடுங்கிப் போடுங்கள், போதும்.

ஃபில்டரை இறுக்கி மூடி, டிரெயின் ஹோஸின் முனையைப் பாத்ரூம் பைப்பிலிருந்து உருவி, பக்கெட்டின் விளிம்பில் மாட்டி ஸ்பின் மட்டும் போடுங்கள். பக்கெட்டில் வேகமாகக் கொட்டினால் மெஷினில் குறையில்லை, வீட்டுப் பைப்தான் அடைத்திருக்கிறது. அதற்குப் பிளம்பர் போதும். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு மெஷினுக்கென்று ஒரு டிரெயின் பாயிண்ட் விடாத பில்டர்களை என்னவென்று சொல்ல!

டாப் லோட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஃப்ரன்ட் லோடில் ஹோஸ் ஏறக்குறைய இடுப்பு உயரத்துக்கு ஏறித்தான் இறங்க வேண்டும். தரையில் கிடந்தால் பிடிக்கப் பிடிக்கத் தண்ணீர் ஒழுகிப் போகும். இங்கு விற்கும் பல டாப் லோடுகளில் பம்பே கிடையாது, வால்வு திறந்ததும் தண்ணீர் தானாக இறங்க வேண்டும். அதில் ஹோஸைத் தூக்கி வாஷ்பேசினில் போட்டால் ஜென்மத்துக்கும் இறங்காது. தரையோடு தரையாக விடுங்கள். வீடு மாறியதும் டாப் லோட் மக்கர் செய்கிறது என்றால் முதலில் ஹோஸைப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் பம்ப் சத்தமே காட்டவில்லையா? அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எண்ணை நெட்டில் தேடாதீர்கள். கம்பெனி பெயரில் மேலே வரும் பல எண்கள் கம்பெனியுடையவை அல்ல. வாரண்டி அட்டையிலோ கம்பெனியின் சொந்தத் தளத்திலோ உள்ளதை மட்டும் நம்புங்கள். அங்கேயும் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று உயிரை வாங்குவார்கள். மெஷினை மாட்ட வந்த அன்று ஸ்டாண்டும் கவரும் டீஸ்கேல் பவுடரும் விற்க நேரமிருந்தவர்களுக்கு, ஃபில்டரைத் திறந்து காட்ட மட்டும் நேரமில்லை.

வருகிறவரிடம் ஒரே கேள்வி: “பம்புக்குக் கரண்ட் வருதான்னு மீட்டர் வச்சுப் பார்த்தீங்களா?” வந்தும் ஓடவில்லை என்றால் பம்ப்தான் போயிருக்கிறது. வராவிட்டால் வயரிங்கைப் பார்க்கட்டும், போர்டு அதற்குப் பிறகு. ‘10 வருட மோட்டார் வாரண்டி’ பம்பைக் காப்பாற்றாது. அது டிரம்மைச் சுழற்றும் மோட்டாருக்கு. எதை மாற்றினாலும் பில்லையும் பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.