கம்பெனி வேலையை விட்டுவிட்டு ரிப்பேர் கடை போடலாமா?

கேள்வி: எனக்கு ஆம்பூர் பக்கம் ஒரு கிராமம். வயது 36. பிளஸ் டூ முடித்ததும் ஷூ கம்பெனியில் அப்பர் ஸ்டிச்சிங்கில் சேர்ந்தேன். நடுவில் பிரசவத்துக்கு நின்றது போக 14 வருட சர்வீஸ், பர்மனென்ட்தான். போன வருடத்திலிருந்து ஆர்டர் இல்லை என்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் வர வேண்டாம் என்கிறார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. என் மாமனார் ரொம்ப வருடமாகப் பேருந்து நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைக்கிறார். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து, நகையையும் அடகு வைத்து, மெயின் ரோட்டில் ஷூ, பேக் ரிப்பேர் கடை போடலாம் என்று நினைக்கிறேன். கணவருக்குச் சம்மதம். மாமியார், “பொம்பளை போய் அங்க உட்கார்றதா” என்கிறார். என் அம்மா, “இந்தத் தொழில் உங்க தாத்தாவோட போகட்டும்னுதான் உன்னைப் படிக்க வெச்சேன்” என்று அழுகிறார். பனப்பாக்கத்தில் புது ஷூ கம்பெனிக்குப் போகலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். கஷ்ட காலத்தில் ரிப்பேர் தொழில் நன்றாக ஓடும் என்பது உண்மையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி, ரிப்பேர் வேலையைத் தொடங்குங்கள். ஆனால் கம்பெனி வேலையை இப்போது விட வேண்டாம். பி.எஃப்., நகை இரண்டையும் தொட வேண்டாம். மெயின் ரோட்டுக் கடை இந்த வருடத்துக்கு வேண்டாம்.

முதலில் அந்தச் சம்பளம் இல்லாத நாட்களைப் பற்றிப் பேசுவோம். இதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், ஒரு வருடத்துக்கு மேல் சர்வீஸ் உள்ள நிரந்தரத் தொழிலாளியை ‘வேலை இல்லை, வராதே’ என்று நிறுத்தினால் அதற்குப் பெயர் லே-ஆஃப். அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியைக் கம்பெனி கொடுக்க வேண்டும். பழைய தொழிற்தகராறு சட்டத்திலும் இது இருந்தது, இப்போதைய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. வருடத்தில் 45 நாளைத் தாண்டினால் வேறு நிபந்தனைகள் வரலாம். கம்பெனிக்காரர்கள், “நீங்களே வரவில்லை, லீவு போட்டீர்கள்” என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டால் இந்தப் பணம் போய்விடும். அதனால் ‘வர வேண்டாம்’ என்பதை வாய்வார்த்தையாக விடாதீர்கள். சூப்பர்வைசர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி, பத்திரப்படுத்துங்கள். தனியாகப் போய்க் கேட்பதைவிட லைனில் உள்ள பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

ஆர்டர் ஏன் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியபோது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் முழுக்க அடி வாங்கியது. ஷூ ஆர்டர் கோடை சீசன், குளிர் சீசன் என்று பல மாதம் முன்னாலேயே பேசி முடிக்கிற வியாபாரம். வரி இறங்கினாலும் லைன் மறுநாளே ஓடாது. அதே 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் தோல் பொருட்கள், காலணிகளுக்கு அங்கே வரியை நீக்குவதாக இருக்கிறது. அது இங்கே மிஷின் ஓடுகிற அளவுக்கு வந்து சேர இன்னும் நாளாகும். ஆக, உங்கள் கம்பெனி நிமிரவும் செய்யலாம், படுக்கவும் செய்யலாம். இரண்டையும் மனதில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

பணத்தை ஏன் தொட வேண்டாம் என்கிறேன்? 14 வருட சர்வீஸில் நீங்கள் பி.எஃப். பென்ஷனுக்கான 10 வருடத்தைத் தாண்டியிருப்பீர்கள். பிரசவத்துக்கு நின்றபோது பணத்தை எடுக்கவில்லை என்றால் அதற்கு முன் வேலை செய்த வருடங்களும் கணக்கில் சேரும். 58 வயதில் மாதாமாதம் ஒரு தொகை வரும். பெரிய தொகை இல்லை, ஆனால் உங்கள் மாமனாருக்கு இன்று அதுகூட இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். அடுத்தது, கம்பெனி மூடினாலும் பி.எஃப். உங்கள் கணக்கில் இருக்கும். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது வரும் பணிக்கொடை, அப்படியில்லை, அது பெரும்பாலும் முதலாளியின் கையில் இருக்கிறது. ஒரு வருட சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் 14 வருடத்துக்கு உங்களுக்கு வர வேண்டியது சின்னத் தொகை இல்லை. எனவே மாதம் ஒருமுறை பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் இரண்டு மூன்று மாதமாகக் கட்டப்படவில்லை என்றால் கம்பெனி உள்ளுக்குள் ஆட்டம் கண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது வேலையை விடுவது பற்றிப் பேசுவோம். அந்த நாளில் கடைக்கு முதல் வேண்டுமென்றால் கிராஜுவிட்டியைப் போடுங்கள், பி.எஃப்.பை அல்ல.

சரி, ரிப்பேருக்கு வருவோம். கஷ்ட காலத்தில் ஓடும் என்பது பாதி உண்மை. ரிப்பேர்க் கூலிக்குப் போட்டி பக்கத்து ரிப்பேர்க்காரர் இல்லை, புதுச் செருப்பின் விலைதான். 150 ரூபாய்க்குச் செருப்பு தொங்குகிற கடைவீதியில் வார் தைக்க 50 ரூபாய் கேட்டால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். மாமனாரைக் கேளுங்கள், பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி வந்தது, இப்போது எத்தனை என்று. போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு முன் 1,000 ரூபாய் வரை 12, அதற்கு மேல் 18. வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரைக்குமான ஷூவைத்தான் ஜனங்கள் தூக்கிப் போட மனமில்லாமல் ரிப்பேருக்குக் கொண்டு வருவார்கள். அந்த ரகத்தில்தான் வரி அதிகம் இறங்கியிருக்கிறது.

அப்படியென்றால் வேலை எங்கே இருக்கிறது? அடிப்பாகத்தில் இருக்கிறது. இப்போது வருகிற ஷூக்களில் பலவற்றுக்கு பி.யூ. (பாலியூரித்தேன் என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக்) சோல். கல்யாணத்துக்குப் போட்டுவிட்டு டப்பாவில் வைத்த ஷூவை இரண்டு மூன்று வருடம் கழித்து எடுத்தால், நாலு அடி நடப்பதற்குள் சோல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். காற்றில் உள்ள ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பொருளே சிதைந்து போகிறது. மேலே தோல் புத்தம் புதுசாக இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. வாங்கியவருக்கு வயிற்றெரிச்சல். சோலை முழுதாக எடுத்துவிட்டு ரப்பர் சோல் போட்டு, ஓரம் சுற்றித் தைத்துக் கொடுக்கிற ஆளுக்கு அவர் 400, 500 ரூபாய் யோசிக்காமல் கொடுப்பார். வெறும் வார் தைக்கிற வேலையில் அந்தக் கூலி வராது.

இங்கே பசையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ரோட்டோரத்தில் ஒட்டிய சோல் பத்து நாளில் பிரிந்துவிடுகிறது என்பதுதான் ஜனங்களின் பெரிய புகார். ஒட்டியவருக்குக் கைத்திறமை இல்லாததால் அல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் சொல்யூஷனைத் தடவுவதால். தோலுக்கும் ரப்பருக்கும் அது பிடிக்கும். பி.வி.சி. சோலில் போட்டால் அந்தப் பிளாஸ்டிக்கில் உள்ள எண்ணெய்ப்பசை கசிந்து வந்து பிடிப்பை விட்டுவிடும். அதற்கு பி.யூ. பசை வேண்டும். ஈ.வி.ஏ. என்கிற லேசான ஸ்பாஞ்ச் சோலுக்கு முதலில் பிரைமர் தடவ வேண்டும். ரப்பரை உப்புத்தாளில் சுரசுரப்பாகத் தேய்க்காமல் எதுவும் ஒட்டாது. இரண்டு பக்கமும் தடவி, காய விட்டு, சூடு காட்டி, அப்புறம்தான் அழுத்த வேண்டும். உங்கள் கம்பெனியில் சோல் ஒட்டும் லைனில் ஹீட்டரும் பிரஸ்ஸும் அடுத்தடுத்து இருப்பது இதற்காகத்தான். வேலைக்குப் போகிற நாளில் கை ஓய்கிற நேரத்தில் அந்த லைனில் போய் நில்லுங்கள். எந்தப் பொருளுக்கு எந்த டப்பாவிலிருந்து எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் காய விடுகிறார்கள் என்று பாருங்கள். 14 வருடமாக நீங்கள் தைத்தது ஷூவின் மேல்பாதி. கீழ்ப்பாதியை இனிமேல்தான் கற்க வேண்டும். லாஸ்ட்டில் (கால் வடிவ அச்சில்) ஏற்றுவது, குத்தூசியால் கைத்தையல் போடுவது எல்லாம் மாமனாரிடம் இருக்கிறது, கண் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். (அவருக்கு முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். கண்புரை என்றால் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள்.) முறையான பயிற்சி வேண்டுமென்றால் சென்னை கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது, குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. குழந்தை இருக்கிற வீட்டில், மூடிய அறையில் இந்தப் பசை வேலையைச் செய்யாதீர்கள். அந்தக் கரைப்பான்களில் சில நரம்பைப் பாதிக்கும், கை கால் மரத்துப் போகும். ஷூ தொழிலாளர்களிடம் உலகம் முழுக்கப் பார்த்த நோய் இது. வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் செலவு, கையால் சுற்றுகிற பேட்ச் மிஷின் (ஷூ, பேக் ரிப்பேருக்கான தையல் மிஷின்) ஒன்று. உங்கள் ஊரில் பழைய மிஷின் வாங்குவது கஷ்டமே இல்லை, கம்பெனிகள் மூடினால் முதலில் வெளியே வருவது மிஷின்தானே. வேலை இல்லாத நாட்களில் மாமனார் உட்காரும் இடத்தில் ஜோடியை வாங்கிக்கொண்டு, வீட்டில் செய்து, சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். பேக் ஜிப், ஸ்கூல் பேக் தோள்பட்டை, ஷூ உள் லைனிங், இவையெல்லாம் உங்களுக்குக் கை பழகின வேலை. ஜூனில் பள்ளி திறக்கும்போது இரண்டு வாரம் மூச்சு விட நேரம் இருக்காது. கூலியை ஓர் அட்டையில் எழுதித் தொங்க விடுங்கள். பேரம் குறையும், பொம்பளைதானே என்று அடித்துக் கேட்பதும் குறையும். தேறாத ஷூவைத் தேறாது என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஆறு மாதம் கணக்கு எழுதிப் பாருங்கள். கம்பெனியில் ஒரு நாள் சம்பளம் எவ்வளவோ, அதை ரிப்பேரில் ஒரு நாள் வேலை தொடர்ந்து தாண்டினால் கடை வாடகை பற்றி யோசிக்கலாம்.

பனப்பாக்கம், செய்யாறு கம்பெனிகள் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் ஷூ செய்கிறவை. தோல் இல்லாத ஷூ என்பதால் உங்கள் அனுபவம் அப்படியே செல்லுபடியாகாது, ஆனாலும் தையல் தையல்தான். வயது வரம்பு, பஸ் எந்த ஊர் வரை வருகிறது, வீடு திரும்ப எத்தனை மணி என்பதை மட்டும் விசாரித்து வையுங்கள். உங்கள் கம்பெனி படுத்தால் அது இரண்டாவது வழி. போனாலும் பி.எஃப்.புக்கான பழைய யூ.ஏ.என். எண்ணையே கொடுங்கள், சர்வீஸ் தொடரும்.

மாமியாருக்குப் பதில் சொல்வது சுலபம். ஆம்பூரிலிருந்து கப்பலேறுகிற ஷூக்களின் மேல்பாகத்தைத் தைப்பதில் பெரும்பாலும் பெண்கள்தான் இருக்கிறார்கள். கம்பெனிக் கூரைக்குக் கீழே செய்தால் கௌரவம், ரோட்டில் செய்தால் இல்லை என்கிறார். கொஞ்ச நாளில் வருமானம் அவரைச் சமாதானப்படுத்தும்.

அம்மா விஷயம் வேறு. அவர் அழுவதை அறியாமை என்று தள்ளாதீர்கள். இந்தத் தொழிலைச் சில சாதிகளின் தலையில் கட்டி, அதைச் சொல்லியே இழிவு செய்த ஊரில் அவர் வளர்ந்திருக்கிறார். “எல்லாத் தொழிலும் உசத்திதான்” என்று அவரிடம் போய்ப் பேசுவது என்னைப் போன்றவர்களுக்குச் சுலபம். நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் தாத்தாவுக்கு வேறு வழி இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது, கம்பெனி வேலையையும் விடவில்லை. பிறகு குழந்தையின் படிப்புக்கு இந்த வருமானத்திலிருந்து தனியாகப் போடுங்கள், அதை அம்மா பார்க்கட்டும். அப்படியும் அவர் மனம் மாறாவிட்டால் அதற்காகக் கோபப்படாதீர்கள்.

கடன் தேவைப்பட்டால் நகைக்கு முன் கேட்க வேண்டிய இடங்கள் உண்டு. தெருவோர வியாபாரிகளுக்கான பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் செருப்புத் தைப்பவர்களும் வருவார்கள், 2025-இல் மாற்றிய விதிப்படி முதல் கடன் 15,000 ரூபாய் வரை. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் காலணித் தொழிலும் இருக்கிறது. 35 வயது முடிந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பட்டியல் சாதியினர் என்றால் தாட்கோவும் உண்டு.

கடைசியாக, மாமனார் உட்காரும் இடம். அவரிடம் நகராட்சி கொடுத்த தெருவோர வியாபாரிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அதை நம்பி இருக்காதீர்கள். 2014 சட்டப்படி அவர் முடியாமல் போனாலோ இறந்தாலோ, சான்றிதழ் காலம் முடியும் வரை அந்த இடத்தில் அவர் மனைவியோ அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளையோதான் உட்காரலாம். மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் உங்கள் பெயரில் தனியாகப் பதிவு கேட்டு நகராட்சியில் இப்போதே மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.