நெஞ்சு வேகமாக அடித்தால் ஆயுள் குறையுமா?

பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து பறிக்கும் 38 வயதுத் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டொக்டர், எங்கள் லயத்து நாய் 12 வயதில் செத்துவிட்டது. நெஞ்சு வேகமாக அடிக்கிற மிருகம் சீக்கிரம் போய்விடும், யானைக்கு மெதுவாக அடிப்பதால்தான் நீண்ட ஆயுள் என்கிறான் மகன். மேட்டு மலைக்கு ஏறினால் எனக்கும் படபடவென்று அடிக்கிறது. எனக்கும் ஆயுள் குறைவா?"

இல்லை தங்கச்சி. மகன் சொன்னதில் பாதிதான் சரி. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500, 600 தடவை அடிக்கும், வாழ்வது இரண்டு மூன்று வருடம். யானைக்கு 30 தடவைதான், அது 60, 70 வயது வரை போகும். பெருக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய நூறு கோடித் துடிப்பு. ஆனால் நிமிடத்துக்கு 70 என்று வைத்தாலும் நாம் 75 வயதில் 270 கோடியைத் தாண்டிவிடுகிறோமே! அப்புறம் வௌவால். சைபீரியாவில் வளையம் போட்டு விட்ட ஒரு சின்ன வௌவால், எடை ஏழு கிராம்தான், 41 வருடம் கழித்தும் உயிரோடு அகப்பட்டது.

ஆக, துடிப்புக் கணக்கு மட்டும் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. எலியைப் பாம்போ பூனையோ ஆந்தையோ சில மாதத்தில் பிடித்துவிடும், அதனால் அவசரமாகக் குட்டி போட்ட எலிகளின் வம்சம்தான் மிஞ்சியது, உடம்பைப் பல வருடத்துக்குப் பழுதுபார்த்து வைப்பதில் அதற்கு லாபமில்லை. பறக்கிற வௌவாலையும் பெரிய யானையையும் பிடிக்க ஆள் குறைவு, அவற்றுக்கு அந்தப் பழுதுபார்ப்புச் செலவு கட்டுப்படியாகும். உதாரணமாக, புற்றுநோயைத் தடுக்கும் ஒரு மரபணு நமக்கு ஒரு சோடி என்றால் யானைக்கு 20 சோடி. உங்கள் நாய்க்கு 12 என்பது நல்ல வயதுதான், பாவம்.

சரி, உங்கள் படபடப்பு. கூடையோடு மேடு ஏறினால் அடிக்கத்தான் வேண்டும், உட்கார்ந்து சில நிமிடத்தில் தணிந்தால் பயமில்லை. காலையில் எழுந்ததும், பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கும் முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60க்கும் 100க்கும் இடையில் இருந்தால் சரி. சும்மா இருக்கும்போதே அடிக்கடி 100ஐத் தாண்டினால், அல்லது முன்பு சுலபமாக ஏறிய மேட்டில் இப்போது மூச்சு வாங்கினால், இரத்தத்தையும் தைராய்டையும் சோதித்து ஒரு ஈசிஜியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய் அதிகம் போகிற பெண்களிடம் நான் முதலில் சந்தேகப்படுவது இரத்தச்சோகையைத்தான். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று, தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாதுதான், சோற்றோடு பிளேன்டீ வேண்டாம், இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.