தில்பசந்துல தேங்காய்தானே இருக்கு டாக்டர், சாப்பிடலாமா?

கேள்வி: வயசு 41. கிண்டில வேலை. மீட்டிங்ல மதிய சாப்பாடு பாதி நாள் தவறிடும், நாலு மணிக்கு கீழ இருக்கிற பேக்கரில ஒரு டீ, ஒரு பீஸ் தில்பசந்த் (உள்ள தேங்காய் இனிப்பு வெச்ச பன்). போன மாசம் எச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சர்க்கரை டெஸ்ட், 5.9 வந்துச்சு. கேக், சாக்லேட் தொடுறதில்ல. தில்பசந்துல தேங்காயும் பழமும்தானே டாக்டர், பரவாயில்லையா?

பதில்: தேங்காய் சரி சார், பழம்னு எதை சொல்றீங்க? அந்த சிவப்பு பச்சை டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய், அதை பொடியா வெட்டி சர்க்கரை பாகுல ஊறப்போட்டு கலர் ஏத்தினது, அதுல பப்பாளியோட பலன்னு பெருசா ஒண்ணும் மிஞ்சாது.

மத்ததையும் பிரிச்சுப் பாப்போம். கடைக்கு கடை மாறும், ஆனா 100 கிராம் பீஸ்னா சுமாரா மைதா 40 கிராம், சர்க்கரை 20, வனஸ்பதியோ மார்ஜரினோ 12, தேங்காய்த் துருவல் 20ன்னு வெச்சுக்கலாம். கூட்டிப் பாத்தா 400 கலோரி கிட்ட வந்துடும், அதாவது ஆறேழு இட்லி, ஆனா இட்லில இருக்கிற உளுந்து இதுல இல்ல, புரோட்டீன் அஞ்சு கிராம் தேறினா பெருசு. தேங்காய்ல நார்ச்சத்து உண்டு, ஒத்துக்கறேன், ஆனா இந்த அளவுக்கு ரெண்டு கிராம்தான், அதை நம்பி 20 கிராம் சர்க்கரைய உள்ள விடுறோம். டீல ரெண்டு ஸ்பூன் போட்டா இன்னொரு 10 கிராம். வெளியில சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உங்களுக்கு நாலு மணிக்கே அது தாண்டிடுச்சு.

கொழுப்பு விஷயத்துக்கு ஒண்ணு பண்ணுங்க, அந்த பீஸை ஒரு டிஷ்யூ பேப்பர்ல அஞ்சு நிமிஷம் வெச்சுட்டு பேப்பரை வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, அந்தப் பக்கம் தெரியும். (நியூஸ்பேப்பர்ல மடிச்சு குடுத்தா வாங்காதீங்க, மை ஒட்டும்.) 2022 ஜனவரிலேர்ந்து டிரான்ஸ் ஃபேட் (வனஸ்பதி மாதிரி கொழுப்புல இருக்கிற, இதயத்துக்கு ஆகாத வகை) மொத்த கொழுப்புல 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டம் இருக்கு, பேக்கெட் ஐட்டம்னா லேபிள் பாக்கலாம், தட்டுல லூஸா அடுக்கி வெச்சதுல என்னத்த பாக்கறது.

எச்பிஏ1சி 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் ப்ரீ டயபெட்டிஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம், நீங்க அதுக்குள்ள இருக்கீங்க, பயப்பட வேண்டாம் ஆனா விட்டுடவும் வேண்டாம். எனக்கு தில்பசந்தை விட உங்க மதிய சாப்பாடு மேலதான் கோவம். காலி வயித்துல நாலு மணிக்கு பேக்கரி கண்ணாடி முன்னாடி நின்னா யாருக்கும் கை நீளும், எனக்கும் நீளும். டப்பால தயிர் சாதமோ சுண்டலோ கொண்டு போங்க, மீட்டிங் நடுவுலயே ரெண்டு வாய் போட்டாலும் தப்பில்ல. நாலு மணிக்கு சர்க்கரை இல்லாத டீயும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். ஆசையா இருந்தா வாரம் ஒரு நாள், சாப்பிட்ட பிறகு, பாதி பீஸ், மீதிய பக்கத்து சீட்டுக்கு குடுத்துடுங்க. சுகர் ஃப்ரீ பிஸ்கட்னு யாராவது சொன்னா போகாதீங்க, அதுவும் பெரும்பாலும் மைதாதான்.

மூணு மாசம் கழிச்சு எச்பிஏ1சி திரும்ப எடுங்க, கூடவே லிப்பிட் ப்ரொஃபைலும் (ரத்தத்துல கொழுப்பு பாக்கற டெஸ்ட்), ரெண்டு ரிப்போர்ட்டையும் உங்க டாக்டர்ட்ட காட்டுங்க.