உங்கள் கையை எடுங்கள்

வணக்கம் ஐயா,

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். இங்கே பலருக்கு மறதிநோய். ஒக்டோபர் 1 முதியோர் தினத்துக்கு அவர்கள் வரைந்த படங்களைக் கண்காட்சியாக வைக்கப் போகிறோம். கடல், மீன், பூ எல்லாம் வரையவைத்தோம். அரைகுறையாக விட்டதை நாங்களே திருத்தி முடித்தோம். ஒரு அம்மா பெயின்ற்றை வாயில் வைக்கிறா. எந்தப் பெயின்ற் நல்லது? பாட்டும் போடலாமா?

வாசகி ஒருத்தி

அன்புள்ள தங்கச்சி,

பெயின்ற் சின்ன விசயம். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற, நச்சில்லை என்று எழுதிய போஸ்டர் கலர் போதும். தூரிகை கழுவும் தண்ணீரைத் தேத்தண்ணிக் கோப்பையில் வைக்காதீர்கள், குடித்துவிடுவார்கள். உருவம் பிடிக்கவென்று உப்புச் சேர்த்துப் பிசைந்த மா உருண்டை வேண்டவே வேண்டாம். அதிகமாக விழுங்கினால் இரத்தத்தில் உப்பேறி ஆபத்தாகும்.

நான் எழுத உட்கார்ந்தது, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்தத் திருத்தலுக்காக. கொஞ்ச நாளாகவே மனதில் உறுத்துகிற விசயம். யார் உங்களை முடிக்கச் சொன்னது? நீங்கள் கை வைத்ததும் அது உங்கள் படம். என்ன நடந்தது என்பதை வரைந்த அம்மா மறந்துவிடுவா. தன் வேலை சரியில்லை என்று ஆக்கிய சங்கடம் மறக்காமல் தங்கும்.

அல்சைமர் என்கிற மறதிநோயில் முதலில் அடிபடுவது புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கிற இடம். கை பழகிய வேலை மூளையில் வேறிடத்தில் இருப்பதால் நெடுநாள் நிற்கும். பொங்கலுக்குப் பொங்கல் கோலம் போட்டவரிடம் மீன் வரையச்சொல்வானேன்? கறுப்புத் தட்டம் ஒன்றை மேசையில் வையுங்கள். நிலத்தில் குனியவிட்டால் விழுந்துவிடுவார்கள். பச்சையரிசி மா எடுங்கள், கடையில் விற்கிற கல்லுப்பொடி வேண்டாம். மூன்றுக்கு மூன்று புள்ளி நீங்கள் வையுங்கள். ஒரு சிட்டிகை மாவை அவவின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கொடுத்து, முதல் கோட்டைச் சேர்ந்து இழுத்துவிட்டுக் கையை எடுங்கள். பிறகு வாய் திறக்காதீர்கள். பத்து விநாடி காத்திருப்பது உங்களுக்குத்தான் நீளம். கோடு புள்ளியைத் தாண்டினால் தாண்டட்டும். "முந்திப் போடுவீங்கள்தானே, ஞாபகம் இருக்கா?" என்று பரீட்சை வைக்காதீர்கள்.

உங்கள் பூக்கள் ஏன் அரைகுறையாயின தெரியுமா? வெள்ளைத் தாளில் மஞ்சள் பூ பலருடைய கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கறுப்பில் வெள்ளை தெரியும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மட்டும் உலர்ந்த மா கொடுக்காதீர்கள், புரைக்கேறும்.

நாலைந்து பேர், காலை பத்து மணி, அரை மணித்தியாலம். ரீவியை நிறுத்துங்கள். பின்னேரம் வேண்டாம், பொழுதுசாயப் பதற்றம் கூடும்.

பாட்டைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், கூட இருந்து பாடுங்கள். சம்பந்தர் திருக்கோணமலைமேல் பாடிய பதிகத்தை ஒருவர் எடுத்தால், பாட்டுக்குப் பாட்டு வரும் 'கோணமாமலை அமர்ந்தாரே'யில் மற்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம். பேச்சுக் குறைந்தவர்களும் அந்த இடத்தில் வாயசைப்பதுண்டு. முஸ்லிம்கள், கத்தோலிக்கர் இருந்தால் அவரவர் பாட்டை வீட்டாரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

கடல் வரையவைத்தது யாருடைய யோசனை? 2004 டிசெம்பர் 26 சுனாமியை இந்தக் கரையில் பார்த்தவர்கள் அவர்கள். நேற்று எது, இன்று எது என்று பிரிக்க முடியாதவருக்குக் கடல் இப்போதே ஏறி வரும். வீட்டாரை விசாரிக்காமல் அந்தப் படத்தை நீட்டாதீர்கள்.

ஒக்டோபர் 1க்குச் சுவரில் ஒன்றும் தொங்கவேண்டாம். தட்டங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் விருந்தினருக்கு ஒரு கதிரை போடுங்கள். பிரதேச செயலாளரே வந்தாலும் அவருக்கும் ஒரு தட்டம், ஒரு பிடி மா.