யாருடைய உயிர்?

அன்புள்ள ஐயா,

குத்தாலத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பேச வந்த ஒருவர், 2018இல் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்குச் சுவிசேஷம் சொல்லப் போய் உயிர்விட்ட அமெரிக்க இளைஞரை இரத்தசாட்சி என்று புகழ்ந்தார். அன்றிலிருந்து என் மகன், பிளஸ் டூ முடித்ததும் மிஷனரியாகப் போகிறேன் என்று நிற்கிறான். "சாவுக்குப் பயந்தால் அது என்னம்மா விசுவாசம்?" என்கிறான். அவன் அப்பா, பைத்தியக்காரத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு எந்தப் பக்கமும் பேச வாய் வரவில்லை. நீங்கள் தரங்கம்பாடிப் பக்கம் வளர்ந்தவர். என்ன சொல்வீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனாலும் உங்கள் மகன் சொல்வதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் தன்னைக் கொடுத்துவிட வேண்டும் என்று துடிக்கிற பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது பயமாகத்தான் இருக்கும். பெருமைப்படவும் அதில் இடம் இருக்கிறது. அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். பணயம் வைப்பது யாருடைய உயிரை?

அந்த இளைஞர் மனமறிந்துதான் போனார். அவர் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் வெளியாருடன் கலக்காதவர்கள். நமக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகிப் போகிற சளிக்காய்ச்சல் அங்கே ஊரையே வாரிக்கொண்டு போகலாம். அதனால்தான் யாரும் கிட்டே போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவரைக் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். அந்த இளைஞர் தன் உயிரோடு, கேட்காமலே தீவுக்காரர்கள் அத்தனை பேர் உயிரையும் சேர்த்துப் பணயம் வைத்துவிட்டார். என் மனம் ஒப்பாதது அங்கேதான்.

இப்போது நம் கடற்கரைக்கு வாருங்கள். 1706 ஜூலையில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயது நிறையும் சமயம். வந்தவுடன் பிரசங்கம் செய்யவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார். இரண்டே வருஷத்தில் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்துவிட்டார். நம்மைத் திருத்த வந்தவர் முதலில் நம் பிள்ளைகளின் பாடத்தைப் படித்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அவரைச் சிறையில் போட்டது யார் தெரியுமா? தஞ்சாவூர் ராஜா இல்லை, ஊர்க்காரர்களும் இல்லை. அப்போது தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்களின் கோட்டைத் தளபதி, அவரும் கிறிஸ்தவர்தான். செத்துப்போன ஒரு நாவிதரின் மனைவி கடன் தகராறில் ஏமாற்றப்பட்டாள். அந்த விதவைக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். மனஸ்தாபங்கள் முன்னமே இருந்தன, இது முற்றிவிட்டது. 1708 கடைசியில் டேன்ஸ்பர்க் கோட்டைக்குள் அடைத்தார்கள். சுமார் நான்கு மாதம். அந்தக் கோட்டையின் கீழ்த்தளத்து அறைகளில் ஒன்றில் நான் நின்றிருக்கிறேன். கடல் இரைவது சுவர் வழியாகக் கேட்கும், காற்று மட்டும் வராது. சித்திரை வெயிலில் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. 1719இல் 36 வயதில் இறந்தார். தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம்.

உங்கள் மகன் இன்னொரு பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஆரோன். கடலூரில் பிறந்த தமிழர். அந்நாளில் வெள்ளைக்கார மிஷனரிகள் தஞ்சை ராஜ்யத்துக்குள் இஷ்டப்படி நுழைய முடியாது. சீகன்பால்குவே 1709இல் தஞ்சாவூருக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்ப வேண்டியதாயிற்று. உள்ளே நடந்தவர்கள் உபதேசியார்கள், அதாவது சபைக்காக வேதம் சொல்லிக்கொடுத்த உள்ளூர் ஊழியர்கள். ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்று, 1745இல் இறக்கும்வரை ஊர் ஊராகச் சபைகளைப் பார்த்துக்கொண்டார். தஞ்சைப் படையில் சிப்பாயாக இருந்த ராஜநாயக்கன் இன்னொருவர். அடி விழுந்தால் கப்பலேறித் திரும்ப இவர்களுக்கு வேறு தேசம் கிடையாது. சொந்த உறவு, சொந்தத் தெரு, அதற்குள்ளேதான் இருந்தாக வேண்டும். மிஷனரி கதைகளில் இவர்கள் துணைப் பாத்திரங்களாக வருவது எனக்குப் பொறுக்காது.

பின்னாளில் தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரையும் சொல்லாமல் விட முடியாது. ஹைதர் அலி படையெடுத்த காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது, குடியானவர்கள் கொண்டுவர மறுத்தார்கள். முன்னே கொடுத்ததற்குக் காசு வரவில்லையே! ராஜாவின் வாக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாக்கும் எடுபடவில்லை. 'நான் பொறுப்பு' என்று சுவார்ட்ஸ் ஆள் அனுப்பினார். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் உள்ளே போனது. பேசியபடி ஒவ்வொருவருக்கும் காசு கொடுத்தார். கலக்கணக்கு தெரிந்த நம்மூர்க்காரர்களுக்கு அது எவ்வளவு என்று புரியும். 1798இல் அவர் இறந்தபின், கிறிஸ்தவராகாத சரபோஜி மன்னர் லண்டனில் பளிங்குச் சிற்பம் செய்வித்து அவருக்காக வைத்தார். சிவகங்கைப் பூங்கா தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் குருவின் கையை மன்னர் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நான் கண்ணால் பார்த்த ஒருவரும் உண்டு. 1977 நவம்பர் புயலுக்கு மறுநாள் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். சேரியிலிருந்த உபதேசியார், தலையில் ஒரு அண்டா கஞ்சியோடு வந்தார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. மற்ற நாளில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். என் ஆத்தா முதலில் தயங்கினாள். பிறகு பாத்திரத்தை நீட்டினாள். அவர் வேதம் எதுவும் பேசவில்லை. "சின்னப்புள்ளைக்கு முதல்ல ஊத்துங்க ஆச்சி" என்றார்.

உங்கள் மகனைத் தடுக்காதீர்கள், அவசரப்படவும் விடாதீர்கள். எங்கே போக நினைக்கிறானோ அந்த மக்களின் பேச்சை முதலில் கற்கட்டும். அங்கே போக அவர்கள் சம்மதம் இருக்கிறதா என்று கேட்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தரங்கம்பாடிக்கு அழைத்து வாருங்கள், அவன் அப்பாவையும்தான். ஆராதனை முடிந்ததும் நான் ராஜவீதியில் காத்திருக்கிறேன். கோட்டைக்குப் போவோம்.

அன்புடன்.