குதிரைக்குப் பதில் புல்லட் போதுமா?

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ வந்தியத்தேவனை இன்றைய வேலூர்ப் பக்கம் கொண்டுவந்து ஏ.யூ. ஃபேன்ஃபிக் (அதே பாத்திரங்களை வேறொரு உலகத்தில் வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுதுகிறேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி முதலாளி, புல்லட் ஓட்டுவான், அதிகம் பேசமாட்டான். படித்த தோழிகள், ‘பேர்தான் வந்தியத்தேவன், ஆள் வேற யாரோ’ என்கிறார்கள். உலகமே மாறும்போது ஆளும் மாறத்தானே செய்வான்? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: அந்தத் தோழிகளைக் கைவிட்டுவிடாதீர்கள். ‘சூப்பர், அடுத்த அத்தியாயம் எப்போ?’ என்று கேட்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். இப்படிச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

‘அதிகம் பேசமாட்டான்’ என்று எழுதிய இடத்திலேயே ஆளைத் தொலைத்துவிட்டீர்கள். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ஐந்து பாகங்களிலும் வந்தியத்தேவன் மாட்டிக்கொள்வதும் வாயால், தப்பிப்பதும் வாயால். அந்த வாயைப் பூட்டி, கண்ணாடி ஜன்னலோரம் கைகட்டி நிற்கவைத்தால் மிச்சம் இருப்பது ஒரு பணக்கார மௌனசாமி. அவனுக்கு எந்தப் பேரும் பொருந்தும். (ஜன்னல் வழியே அவன் பார்ப்பது ‘சலசலத்து ஓடும் பாலாறு’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வருஷத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று ஆம்பூர்க்காரர் யாரையாவது கேளுங்கள்.)

உலகம் மாறினால் ஆள் மாறுவானா என்பதற்கு நம் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பாருங்கள். பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று ஊர்ப் பொட்டல்தான் குருக்ஷேத்திரம். மண்ணைக் குவித்துச் செய்த துரியோதனன் படுத்துக்கிடப்பான். கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் இன்றைய விலைவாசியைக்கூடக் கிண்டலடிப்பான். ஆனால் திரௌபதி, துரியோதனன் விழும்வரை கூந்தலை முடியமாட்டாள். களம் எங்கே இருந்தாலும் அந்தச் சபதத்தில் யாரும் கைவைப்பதில்லை. வந்தியத்தேவனிடம் கைவைக்கக் கூடாதது எது என்று நீங்கள் தேடவே இல்லை.

தேடுவது இப்படி. ‘வீரன், துணிச்சல்காரன், அழகன்’ என்று பட்டியல் போடாதீர்கள். அது அதே நாவலின் பல்லவ வீரன் பார்த்திபேந்திரனுக்கும் பொருந்தும். மூல நாவலில் வந்தியத்தேவன் நெருக்கடியில் இருக்கிற ஐந்து காட்சிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: முதலில் என்ன செய்தான், அதற்கு என்ன விலை கொடுத்தான். குடந்தை சோதிடர் வீட்டில் வாசலில் சீடன் தடுத்தும் உள்ளே புகுந்தான். கடம்பூரில் விருந்தாளியாகப் போன வீட்டிலேயே நள்ளிரவுக் கூட்டத்தை ஒளிந்து பார்த்தான். தஞ்சைக் கோட்டைக்குள் பழுவூர் இளைய ராணி நந்தினி கொடுத்த பனை இலச்சினை மோதிரத்தைக் காட்டி நுழைந்தான். தன்னையே தேடிக்கொண்டிருந்த அந்தக் கோட்டையிலிருந்து தப்பும்போது, முதுகில் குத்துப்பட்ட நண்பன் கந்தமாறனையும் சுமந்துகொண்டு வெளியேறினான். ஐந்தாவதை நீங்களே எடுங்கள். நாலு வரியை வைத்தே ஆள் தெரிகிறான்: கால் முந்தும், புத்தி பிந்தும், நடுவில் நாக்கு சமாளிக்கும், நண்பனை மட்டும் விடமாட்டான்.

அடுத்தது, அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்பது. உங்கள் கதை அடியோடு சரிந்தது இங்கேதான். வாணர் குலத்தில் பிறந்தும் ஆள ஒரு காணி நிலம் கிடையாது. பேர் பெரிது, கை காலி. அதனால்தான் ஆதித்த கரிகாலன் தன் அப்பா சுந்தர சோழருக்குக் கொடுத்தனுப்பிய ஓலையைத் தூக்கிக்கொண்டு உயிரைப் பணயம் வைக்கிறான். நீங்கள் எடுத்த எடுப்பில் அவனுக்குக் கம்பெனி கொடுத்துவிட்டீர்கள். சொந்தக் கம்பெனி இருக்கிறவன் எதற்காக இன்னொருவரின் ஓலையைச் சுமக்க வேண்டும்? உலகத்தையும் மாற்றி, காயத்தையும் ஆற்றிவிட்டால் குணத்துக்குக் காரணமே இருக்காது. இரண்டில் ஒன்றைத்தான் மாற்றலாம்.

இத்தனைக்கும் வாணர்களின் திருவல்லம் உங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை, பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது. அங்கேயே அவனுக்கு ஒரு குடும்பம் கொடுங்கள். தாத்தாவுக்கு ராணிப்பேட்டையில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) இருந்தது. 1996 ஆகஸ்டில் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், கழிவுநீரைச் சுத்திகரிக்க வசதி செய்யாதவற்றை மூட வேண்டும். தாத்தாவால் முடியவில்லை. இப்போது மிச்சம் துருப்பிடித்த பெயர்ப் பலகையும், ‘பெரிய வீட்டுப் பையன்’ என்ற பேரும். இதை இரண்டாம் அத்தியாயம் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள், அதுவும் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். அதன்பிறகு அவன் எந்த வம்பில் தலைகொடுத்தாலும் வாசகர் ‘ஏன்’ என்று கேட்கமாட்டார்.

ஓலைக்கு வருவோம். நீங்கள் அதை வாட்ஸ்அப் செய்தியாக்கியிருக்கிறீர்கள். அனுப்பியாயிற்று, இரண்டு நீல டிக் விழுந்தாயிற்று, கதை முடிந்தது. கையால் மட்டுமே கொண்டுபோகக்கூடிய பொருளாக அது இருக்க வேண்டும். அசல் பத்திரமாக இருக்கலாம். அதைவிடப் பொருத்தமானது வேலூரிலேயே இருக்கிறது. நாவலில் சோழச் சக்கரவர்த்தி சுந்தர சோழர் கால் விளங்காமல் படுத்திருப்பவர்; வைத்தியத்துக்கு நாடே வந்து இறங்குகிற ஊர் நம்முடையது, ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ்களில் வங்காளிப் பலகை தொங்குகிற ஊர். அவரை இங்கே படுக்கவையுங்கள். காஞ்சியிலிருந்து மூத்த மகன் கொடுத்தனுப்பும் அசல் கடிதத்தை, நாவலில் கோட்டைக் காவலைக் கையில் வைத்திருக்கும் பழுவேட்டரையரின் ஆட்கள் காவல் நிற்கிற அந்த அறைக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போனை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு வரி போட்டால் போதும்.

இனி பேச்சு. உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் வாட்ச்மேன் பாஸ் கேட்கிறார். உங்கள் வந்தியத்தேவன், “நான் யார் தெரியுமா?” என்று குளிர்ந்த குரலில் கேட்டுவிட்டு முறைக்கிறான். அவன் முறைக்கமாட்டான். இப்படிச் செய்வான்:

“பாஸ் எங்கப்பா?”

“பாஸ் குடுக்க வேண்டியவரு உள்ள கீறாருண்ணா. அவரு எழுந்து வந்தா குடுத்துடுவாரு. எழுந்துக்க முடியாமதானே ஆஸ்பத்திரில கீறாரு? நீயே சொல்லு, இன்னா பண்லாம்?”

இதைச் சொல்லும்போதே ஒரு கால் உள்ளே வைத்தாயிற்று. நாவலில் இப்படி ஒரு வரி கிடையாது, மொழியும் நம் வட ஆர்க்காட்டு மொழி. ஆனால் சோதிடர் வீட்டு வாசலில் நின்றவன்தான் இங்கேயும் நிற்கிறான். சோழர் காலத் தமிழை அப்படியே வாயில் வைத்தால் நாடக வேஷம் மாதிரி இருக்கும். சுத்தமாக எடுத்துவிட்டால் யாரோ ஆகிவிடுவான். சொல்லை மாற்றுங்கள், எதிராளியின் பேச்சையே பிடித்து மடக்குகிற அந்த வழக்கத்தை விடாதீர்கள்.

எழுதி முடித்த காட்சியை ஒருமுறை சோதியுங்கள். பேரை மட்டும் கையால் மறைத்துவிட்டு, அதே ஆஸ்பத்திரி வாசலில் மற்றவர்களை நிறுத்திப் பாருங்கள். ஆதித்த கரிகாலன் கதவை உடைப்பான். அருள்மொழி வரிசையில் நிற்பான், முன்னால் நிற்பவர்களே வழிவிடுவார்கள். வீர வைணவனான ஆழ்வார்க்கடியான் வாட்ச்மேன் நெற்றியில் இருக்கும் விபூதியைப் பார்த்துச் சண்டை வளர்ப்பான். நீங்கள் எழுதிய காட்சி இவர்களில் இன்னொருவருக்கும் பொருந்தினால் திருத்த வேண்டும்.

இளவரசி குந்தவையை வந்தியத்தேவனுடைய பி.ஏ. ஆக்கியதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. அவள் யோசித்து முடித்த காரியத்துக்கு ஓடுகிறவன்தான் வந்தியத்தேவன். மேலே கீழே இரண்டையும் திருப்பிப் போட்டுவிட்டீர்கள். அப்பாவின் சொத்தையும் வைத்தியத்தையும் அவள் கவனிக்கட்டும், அவன் ‘மேடம்’ என்று கூப்பிடட்டும். அந்த ‘மேடம்’ எந்த அத்தியாயத்தில் நழுவுகிறது என்று காத்திருக்கவே ஒரு கூட்டம் வரும்.

கடைசியாக, கந்தமாறன். தன்னைக் காப்பாற்றிய வந்தியத்தேவனையே அவன் சந்தேகப்படுவது மூலக் கதையின் பெரிய முடிச்சு. நீங்கள் குத்துப்படும் காட்சியை ஷாப்பிங் மால் பார்க்கிங்கில் வைத்திருக்கிறீர்கள். அங்கே நாலு சிசிடிவி இருக்கும், பத்து நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும், சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாவலில் அவன் குத்துப்பட்ட சுரங்கப்பாதையில் பார்த்த சாட்சி யாரும் இல்லாததால்தான் அந்தச் சந்தேகம் அத்தனை அத்தியாயம் தாங்கியது. ராத்திரியில் பாலாற்று மணலுக்கு மாற்றுங்கள். அங்கே கேமரா கிடையாது; மணலில் ஒரு ஆளைச் சுமந்து நடந்தால் கால் எவ்வளவு புதையும் என்பதையும் எழுதலாம்.